ஆப்பெழுத்தும் ஆப்பெலும்பும்

பாதத்தின் எலும்புகளைப் பாடம் நடத்தும் நாளில் எலும்பு செட்டை மேசையில் பரப்பிவிட்டு மாணவர்களையே அடுக்கச் சொல்வது என் வழக்கம். குதிகால் எலும்பு, அதன்மேல் உட்காரும் தாலஸ், அதற்கு முன்னால் நாவிகுலர், இவையெல்லாம் சீக்கிரம் இடம் பிடித்துவிடும். தகராறு எப்போதும் நடுப்பாதத்தில்தான். கட்டைவிரல் பக்கத்திலிருந்து வரிசையாக மூன்று சின்ன எலும்புகள். மூன்றுக்கும் ஒரே குடும்பப் பெயர், கியூனிபார்ம். எது எங்கே, எந்தப் பக்கம் மேலே என்று பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு வகுப்பில் பிசியோதெரபி முதலாமாண்டு மாணவி ஒருத்தி நடு எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், ஸ்கூல் வரலாற்றுப் பாடத்துல சுமேரியர் எழுத்துக்கும் இதே பேர்தானே வரும்? எலும்புக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?"

பதில் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கூனியஸ் என்றால் லத்தீனில் ஆப்பு. இரண்டும் ஆப்பு வடிவத்தில் இருப்பதால் இரண்டுக்கும் அந்தப் பெயர். சொன்னேன், குறித்துக்கொண்டார்கள், வகுப்பு நகர்ந்தது. எனக்குத்தான் அது அங்கே முடியவில்லை. வடிவம் ஒன்று என்பது சரி. ஆனால் அந்த வடிவம் இரண்டு இடத்திலும் ஒரே காரணத்தால் வந்ததா?

ஆப்பு என்றதும் நமக்கு ஒரு வேலைதான் நினைவுக்கு வரும். விறகு பிளக்க வைப்பார்கள். மண்வெட்டியின் காம்பு ஆடினால் அடித்து இறுக்குவார்கள். பிளந்த மரத்தில் செருகியிருந்ததைப் பிடுங்கி வால் நசுங்கிய குரங்கின் கதையைச் சின்ன வயதில் கேட்காதவர்கள் குறைவு. ஆப்பசைத்த குரங்கு என்று இன்றும் சொல்கிறோம். ஆப்பின் உயிர் அது செருகப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறது, அதன் மேல் விழும் அடியில் இருக்கிறது. தனியே எடுத்துக் கீழே போட்டால் ஒரு சரிந்த மரத்துண்டு, அவ்வளவுதான். பாதத்தின் எலும்பு அந்த வேலையைச் செய்கிறதா? களிமண்ணில் இருக்கும் எழுத்து அந்த வேலையைச் செய்கிறதா? இந்தக் கேள்வி நெடுநாள் என்னோடு இருந்தது. தேடித் தேடிப் படித்ததும், கொஞ்சம் மண்ணில் கைவைத்துப் பார்த்ததும் சேர்ந்து ஒரு இடத்துக்கு வந்திருக்கிறேன். அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நடுப்பாதத்தில் என்ன நடக்கிறது

முதலில் எலும்பு, அது என் தொழில். மூன்றில் பெரியது கட்டைவிரல் பக்கம் இருப்பது. அடுத்திருக்கும் நடு எலும்புதான் மூன்றிலும் சிறியது. மூன்றாவது கொஞ்சம் பெரியது. நடு எலும்பையும் மூன்றாவதையும் எடுத்துப் பார்த்தால் அகலமான பக்கம் புறங்கால் பக்கமும் மெல்லிய விளிம்பு உள்ளங்கால் பக்கமும் இருக்கும். முதல் எலும்பு தலைகீழ். அதன் அகலம் கீழே. மாணவர்கள் அடுக்கும்போது திணறுவது இதனால்தான். எல்லா ஆப்பையும் ஒரே பக்கமாக வைக்கப் பார்ப்பார்கள். பொருந்தாது. சரியாக வைத்துவிட்டால், மேல்பக்கம் அகலமும் கீழ்பக்கம் ஒடுக்கமுமாக மற்ற இரண்டும் நெருங்கி நிற்பதால் வரிசை தானாக வளைந்து எழும்பும். வெளிப்பக்கத்தில் கியூபாய்டு எலும்பு வந்து சேர்ந்ததும் பாதத்தின் குறுக்கு வளைவு முழுமையாகிவிடும். உள்ளங்காலின் நடுப்பகுதி தரையில் படாமல் மேலேறி நிற்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நாம் நிற்கும்போது உடம்பின் எடை மேலிருந்து இறங்குகிறது. அகலமான மேல்பக்கங்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. கீழே சரிந்து விழ இடமில்லை. கீழ்ப்பக்கம் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் லிகமெண்டுகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. எடை கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. கணைக்காலின் முன்பக்கத்திலிருந்து இறங்கும் ஒரு தசை முதல் கியூனிபார்மின் உள்பக்கத்தில் வந்து பற்றுகிறது. கணைக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பும் இன்னொரு தசையின் நாண் உள்ளங்காலின் குறுக்கே முழுதாக ஓடி வந்து அதே எலும்பின் மறுபக்கத்தைப் பிடிக்கிறது. ஒரே எலும்பை இரண்டு பக்கமும் இழுத்து நிறுத்திவைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும்.

அதைவிட நுட்பமான விஷயம் நீளத்தில் இருக்கிறது. நடு எலும்பு தன் இரண்டு பக்கத்து எலும்புகளை விடக் குட்டை. அதனால் மூன்றும் வரிசையாக நிற்கும்போது முன்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. இரண்டாவது விரலுக்குப் போகும் நீண்ட எலும்பின் அடிப்பகுதி அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து மூன்று பக்கமும் பிடிபட்டு உட்கார்ந்துவிடுகிறது. பாதத்தின் முன்பகுதியில் மிகக் குறைவாக அசையும் எலும்பு அதுதான். முதல் விரல் எலும்பின் அடிக்கும் இரண்டாவது விரல் எலும்பின் அடிக்கும் நடுவே நேரடியான லிகமெண்ட் கிடையாது. அதற்குப் பதில் முதல் கியூனிபார்மிலிருந்து சாய்வாக ஒரு தடித்த லிகமெண்ட் இரண்டாவது விரல் எலும்பின் அடிக்குப் போகிறது. 1815-இல் இந்த மூட்டு வரிசை வழியாகப் பாதத்தின் முன்பகுதியை வெட்டி எடுக்கும் முறையை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழாக் லிஸ்ஃப்ராங்கின் பெயரில் அந்த லிகமெண்டையும் மூட்டையும் இன்றும் அழைக்கிறோம்.

ஆக, பாதத்தில் இருப்பது முழு அர்த்தத்தில் ஆப்பு. செருகியிருக்கிறது, நெருக்குகிறது, இறுகுகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் எழுத்தைப் பற்றியதுதான்.

பெயர் வைத்தவர்கள் பார்த்தது கல்லை

கியூனிபார்ம் என்ற சொல்லை இந்த எழுத்துக்கு முதலில் பயன்படுத்தியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் ஹைட். பழைய பாரசீகரின் சமயத்தைப் பற்றி 1700-இல் அவர் லத்தீனில் எழுதிய நூலில் அது வருகிறது. ஈரானில் பெர்சிபோலிஸ் அரண்மனை இடிபாடுகளில் பயணிகள் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த சில கோடுகள்தான் அவருக்குக் கிடைத்தவை. அவற்றைப் பார்த்துவிட்டு அவர் எடுத்த முடிவு, இது எழுத்தே இல்லை என்பது. ஒரே ஒரு உருவை வைத்துக்கொண்டு எத்தனை விதமாக அலங்கரிக்கலாம் என்று சிற்பி செய்து பார்த்த வேலை என்று நினைத்தார். முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வழங்கிய ஒரு எழுத்துக்கு நாம் இன்றுவரை சொல்லும் பெயர், அதை எழுத்தென்றே ஒப்புக்கொள்ளாத ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது.

அப்புறம் நடந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1765-இல் கார்ஸ்டன் நீபுர் என்ற பயணி பெர்சிபோலிஸுக்குப் போய்க் கண் வலிக்க வலிக்கப் பிரதி எடுத்தார். அந்தப் பிரதிகளை வைத்துக்கொண்டு 1802-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் கியோர்க் கிரோட்டஃபெண்ட், பாரசீக அரசர்கள் 'இன்னாருடைய மகன், அரசர்களுக்கு அரசன்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தரியுஸ், செர்க்ஸஸ் என்ற பெயர்களைக் கண்டுகொண்டார். 1835 முதல் ஆங்கிலேய அதிகாரி ஹென்றி ராலின்சன் ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் தொங்காத குறையாக நின்று மூன்று மொழிக் கல்வெட்டைப் பிரதி எடுத்தார். அயர்லாந்துப் பாதிரியார் எட்வர்ட் ஹிங்க்ஸ் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே பாபிலோனிய எழுத்தின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ராலின்சனின் பெயர் தெரிந்த அளவுக்கு ஹிங்க்ஸின் பெயர் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். 1857-இல் இவர்கள் இருவரோடு டால்பட், ஓப்பர்ட் என்ற அறிஞர்களும் ஒரே அசீரிய ஆவணத்தைத் தனித்தனியே மொழிபெயர்த்து உறையில் ஒட்டி அனுப்பினார்கள். திறந்து பார்த்தபோது நான்கும் பெருமளவு ஒத்துப்போயின.

இதற்குள் என் தொழிலைத் தொடும் ஒரு விஷயமும் இருக்கிறது. நம் குரல்வளையின் மேல் விளிம்பில், இரண்டு பக்கமும் மெல்லிய மடிப்புக்குள், சின்னதாக ஒரு குருத்தெலும்பு உண்டு. அதற்கும் கியூனிபார்ம் என்றுதான் பெயர். அதன் இன்னொரு பெயர் ரிஸ்பெர்க் குருத்தெலும்பு. ஹைன்ரிஷ் ரிஸ்பெர்க் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்து 1808-இல் அங்கேயே இறந்தவர். அதாவது 1802-இல், அந்தச் சின்ன ஊரில், தொண்டையின் கியூனிபார்முக்குத் தன் பெயரைத் தந்தவரும் கல்லின் கியூனிபார்மை முதலில் படித்தவரும் ஒரே சமயம் இருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஹைட் பார்த்தது கல்லில் வெட்டியதன் நகல். நீபுர், கிரோட்டஃபெண்ட், ராலின்சன் எல்லோரும் தொடங்கியது கல்லில். களிமண் பலகைகள் ஐரோப்பாவுக்குக் குவியல் குவியலாகப் போய்ச் சேர்ந்தது அப்புறம்தான். 1840-களின் கடைசியில் ஆங்கிலேயர் லேயார்டு, அசீரியத் தலைநகராக இருந்த நினிவேயைத் தோண்டத் தொடங்கிய பிறகு. அங்கே அசீரிய அரசர் அசுர்பனிபாலின் நூலகத்திலிருந்து வந்தவை மட்டும் துண்டுகளையும் சேர்த்து முப்பதாயிரத்துக்கும் மேல், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவை வந்து சேர்வதற்குள் பெயர் நிலைத்துவிட்டது.

கல்லில் உளி எந்தக் கோட்டையும் வெட்டும். வளைவோ வட்டமோ எதற்கும் தடை இல்லை. கல்லில் ஒரு கோட்டுக்குத் தலையில் முக்கோணமும் கீழே வாலும் இருக்கவேண்டிய அவசியம் எதுவுமே இல்லை. களிமண்ணில் பிறந்த பழக்கத்தைத்தான் பாரசீகச் சிற்பிகள் கல்லுக்குக் கொண்டுபோனார்கள். இது தெரிந்த பிறகு ஹைட்டைப் பற்றி எனக்கிருந்த ஆச்சரியம் குறைந்தது. கல்லை மட்டும் பார்த்த ஒருவருக்கு அது அலங்காரமாகத் தெரிந்ததில் நியாயம் இருக்கிறது. அந்த வடிவத்துக்கான காரணம் அவர் கண்முன் இல்லை.

ஈர மண்ணில் ஒரு குச்சி

காரணம் மண்ணில்தான் என்று படித்துத் தெரிந்துகொண்டதும் கையால் செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார் செய்து விற்கும் குயவரிடம் போய்க் கொஞ்சம் மண் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். எழுதிப் பார்க்க என்றதும் பிசைந்து வைத்திருந்ததிலேயே ஒரு உருண்டை எடுத்து, கல் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சைனீஸ் கடையில் தரும் குச்சியின் சதுர முனையைக் கத்தியால் நறுக்கி விளிம்பைச் சுத்தமாக்கிக்கொண்டேன். சுமேரியர் வாழ்ந்த மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கம், நாணல்தான். ஆறுகளின் கரையெல்லாம் நாணல், ஊரெல்லாம் களிமண். இருந்ததை எடுத்து எழுதினார்கள்.

முதலில் ஆணியால் ஒரு மீனை வரைந்து பார்த்தேன். ஏறத்தாழ கி.மு. 3300 வாக்கில் உருக் நகரத்தில் கிடைக்கும் மிகப் பழைய பலகைகள் அப்படித்தான் இருக்கின்றன. கூரான முனையால் கீறிய மாட்டுத்தலை, பார்லிக் கதிர், குடம். பெரும்பாலும் பார்லி, பீர், ஆடுகளின் கணக்கு. எண்களை மட்டும் உருண்டை முனையால் குத்தியிருப்பார்கள். மீன் வரைவது சுலபம் என்று நினைத்தால் இல்லை. ஆணி போன பாதையின் இரண்டு பக்கமும் மண் வரப்பாக எழும்புகிறது. வளைக்கும் இடத்தில் மண் பிய்ந்து ஆணியோடு வருகிறது. ஒரு கோட்டைக் குறுக்கே வெட்டும்போது முதல் கோடு மூடிப்போகிறது. நம் ஓலையில் எழுத்தாணி கீறியது போல மண்ணில் கீற முடியாது. மண்ணின் குணம் வேறு.

ஆணியை வைத்துவிட்டுக் குச்சியின் மூலையை மண்ணில் ஒரு முறை அழுத்தி எடுத்தேன். தலையில் முக்கோணம், கீழே வால். அவ்வளவுதான், ஆப்பு விழுந்துவிட்டது. யாரும் அதை வரையவில்லை. குச்சியின் மூலை ஆழமாக இறங்கிய இடம் முக்கோணமாகிறது. விளிம்பு மேலோட்டமாகப் படிந்த இடம் வாலாகிறது. மணிக்கட்டைத் திருப்பினால் படுக்கை ஆப்பு. குச்சியைச் சாய்த்து மூலையை மட்டும் குத்தினால் வாலில்லாத கொக்கி. வரப்பு எழும்பவில்லை, மண் பிய்யவில்லை, வேகமும் பல மடங்கு. சில நூறு ஆண்டுகளில் வளைந்த கோடுகள் மறைந்து, மாட்டுத்தலையும் கதிரும் உடைந்து சின்னச் சின்ன அழுத்தங்களாக மாறிப்போனதற்குக் காரணம் ரசனை இல்லை என்று கைக்கே தெரிந்தது.

எழுதிப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு பலகை. ஒய்.பி.சி. 7289 என்று எண். கி.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட பழைய பாபிலோனியக் காலத்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான மண் உருண்டை, பள்ளிப் பிள்ளையின் பயிற்சி என்று சொல்கிறார்கள். ஒரு சதுரம், அதற்கு இரண்டு மூலைவிட்டங்கள், ஒரு பக்கத்தில் 30 என்ற எண். மூலைவிட்டத்தின் மேல் நான்கு இலக்கங்கள்: 1, 24, 51, 10. அவர்களுடைய கணக்கு அறுபதை அடியாகக் கொண்டது. ஒன்றுக்கு ஒரு நிமிர்ந்த ஆப்பு, பத்துக்கு ஒரு கொக்கி. எனவே முதலில் ஒரு ஆப்பு. 24-க்கு இரண்டு கொக்கி, நான்கு ஆப்பு. 51-க்கு ஐந்து கொக்கி, ஒரு ஆப்பு. கடைசியில் ஒரு கொக்கி. மொத்தம் பதினான்கு அழுத்தம். நம் தசம முறைக்கு மாற்றினால் 1.41421296. இரண்டின் வர்க்கமூலம் 1.41421356. ஐந்து தசம இடங்கள் வரை அப்படியே ஒத்துப்போகிறது. பதினான்கு முறை ஒரு குச்சியை மண்ணில் அழுத்தி இதைப் பதிந்து வைக்க முடிந்திருக்கிறது.

அழுத்தி முடித்துவிட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். உச்சியில் எரியும் டியூப்லைட்டில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை, மண் சமதளமாக இருப்பது போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பலகையைச் சாய்த்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்ததும் பதினான்கும் எழுந்து நின்றன. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் எது முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்றுகூடச் சொல்ல முடிகிறது. பின்னால் விழுந்த அழுத்தம் முந்தையதன் சுவரை லேசாக உள்ளே தள்ளியிருக்கிறது. எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். நான் ஆப்பு ஆப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பள்ளத்தை. அதில் விழும் நிழலை. பாதத்தில் இருப்பது ஆப்பு. மண்ணில் இருப்பது ஒன்று அழுந்தி எடுபட்ட குழி. முன்னது தன் இடத்தை நிரப்பி எடையைத் தாங்குகிறது. பின்னது இடம் விட்டு நிற்கிறது, வெளிச்சம் வந்து படிப்பதற்காக. இரண்டுக்கும் பொதுவானது வடிவத்தைவிட அழுத்தம் என்று எனக்குப் படுகிறது.

'கியூனிபார்ம் மொழி' என்று பத்திரிகைகளிலும் வினாடி வினாக்களிலும் வரும்போது எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். அப்படி ஒரு மொழி இல்லை. சுமேரிய மொழிக்கும் அக்காடிய மொழிக்கும் உறவே கிடையாது; இரண்டையும் இதில் எழுதினார்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் அனதோலியாவின் ஹிட்டைட் மொழி இந்தோ ஐரோப்பியக் குடும்பம், அதையும் எழுதினார்கள். ஈலம், ஹுர்ரி, உரார்ட்டு மொழிகளும் அப்படியே. சிரியக் கடற்கரையில் உகாரிட் நகரத்தார் முப்பதே எழுத்துகளோடு ஒரு அகரவரிசையையே ஆப்புகளால் செய்துகொண்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு வரை பாபிலோனிய வானியலாளர்கள் இதில் கோள்களின் நிலையைக் குறித்து வந்தார்கள். ஒரு பலகைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மொழியும் நாடும் மாறின. மாறாதது ஈர மண்ணில் ஒரு மூலை அழுந்தும் விதம் மட்டும்.

உடம்பின் மற்ற ஆப்புகள்

மண்ணில் அழுத்தும்போது விரல்களுக்கு ஒரு கணக்கு தெரிந்தது. இவ்வளவு ஆழம் போதும், இன்னும் அழுத்தினால் பக்கத்து எழுத்து சிதையும் என்று கண்ணுக்கு முன்னால் விரலே நிறுத்திக்கொண்டது. அந்த உணர்வு மூளைக்குப் போகும் பாதையைப் பல வருடமாக நடத்துகிறேன். கையிலிருந்து வரும் நுண்ணிய தொடுவுணர்வும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் ஒரு நரம்புக் கற்றையாக மேலேறுகின்றன. அந்தக் கற்றைக்குக் கியூனியேட்டஸ் என்று பெயர், அதாவது ஆப்புக் கற்றை. தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினால் அது ஆப்பு வடிவத்தில் தெரிவதால் அந்தப் பெயர். மூளையின் அடியில் தண்டுவடத்தோடு சேரும் முகுளத்தின் கீழ்ப்பகுதியில் கியூனியேட்டஸ் என்ற அதே பெயருள்ள நரம்பணுத் திரளில் போய் அடுத்த நரம்பிடம் செய்தியைக் கொடுக்கிறது. காலிலிருந்து வரும் உணர்வு இந்த வழியில் போவதில்லை, பக்கத்தில் இருக்கும் கிராசிலிஸ் என்ற மெல்லிய கற்றையில் போகிறது. பாதத்தின் கியூனிபார்ம் எலும்புகள் அசைவதை மூளைக்குச் சொல்வது ஆப்புக் கற்றை இல்லை. நாணலைப் பிடித்த சுமேரிய எழுத்தரின் விரல்களைப் பற்றிச் சொன்னது ஆப்புக் கற்றைதான்.

கண்ணுக்கும் ஒரு ஆப்பு உண்டு. மூளையின் பின்கோடியில், இரண்டு அரைக்கோளமும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில், இரண்டு பள்ளங்களுக்கு நடுவே முக்கோணமாக ஒரு பகுதி. பெயர் கூனியஸ், வெறும் ஆப்பு. பார்வைப் புலத்தின் கீழ்ப்பாதியில் இருப்பவற்றின் செய்தி இங்கே வந்து சேர்கிறது. கையில் ஒரு பலகையைத் தாழ்த்திப் பிடித்து மேல்வரியைப் படித்துக்கொண்டிருந்தால், அதற்குக் கீழே காத்திருக்கும் வரிகளின் உருவம் இந்த ஆப்பில்தான் விழும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கூனியஸ் ஆப்பாகத் தெரிவது மூளையை நடுவில் பிளந்து வைத்தால். கியூனியேட்டஸ் ஆப்பாகத் தெரிவது தண்டுவடத்தைத் துண்டு போட்டால். தொண்டைக் குருத்தெலும்பு ஆப்பாகத் தெரிவது மடிப்பைக் கிழித்து வெளியே எடுத்தால். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. பழைய ஆங்கில நூல்களில் அதற்கும் கியூனிபார்ம் என்று பெயர் இருந்தது. இப்போது டிரைக்வெட்ரம், மூன்று மூலையுடையது என்கிறோம். எலும்பு மாறவில்லை, மேசையில் வைத்துப் பார்த்தவர்களின் பார்வை மாறியது. ஹைட்டுக்குக் கல் எப்படியோ, உடற்கூறியலாளர்களுக்கு அறுவை மேசை அப்படி. வேலையிலிருந்து பிரித்தெடுத்த பிறகு பார்த்து வைத்த பெயர்கள் இவை. பாதத்தில் மட்டும் பெயரும் வேலையும் ஒன்றாக அமைந்துவிட்டன. அதைக்கூட நின்ற காலில் பார்த்தால்தான் அறியலாம்.

நின்று எடுத்த எக்ஸ்ரே

என்னிடம் உடற்பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பாதத்தின் முன்பகுதி படியில் மாட்டிக்கொள்ள, உடம்பு முன்னால் சாய்ந்து விழுந்திருக்கிறார். விழுந்த அன்று படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். எலும்பு முறிவு இல்லை, சுளுக்கு என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். சில வாரம் கழித்தும் வலி போகவில்லை. "குதிகாலை ஊன்றி நடந்துடுறேன் டாக்டர், முன்னாடி ஊன்றினாத்தான் உயிர் போகுது" என்றார். குதிகாலைத் தூக்கி விரல்களில் நிற்கச் சொன்னேன், முடியவில்லை. முதல் வாரத்தில் உள்ளங்காலின் நடுவில் நீலமாக ரத்தம் கட்டியிருந்ததா என்று கேட்டேன். ஆமாம், புறங்காலில்தானே அடி, அடியில் ஏன் நீலமாகிறது என்று வீட்டில்கூடப் பேசிக்கொண்டோம் என்றார்.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு காலிலும் எடையைப் போட்டு நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படுத்தபடி எடுத்த படத்தில் ஒழுங்காகத் தெரிந்த இடம், நின்றதும் விலகிவிட்டது. முதல் விரல் எலும்பின் அடிக்கும் இரண்டாவதன் அடிக்கும் நடுவே, மற்ற காலில் இல்லாத ஒரு இடைவெளி. லிஸ்ஃப்ராங்க் லிகமெண்ட் அறுந்திருந்தது. இரண்டாவது விரல் எலும்பு தன் பள்ளத்தை விட்டு நகர்ந்திருந்தது. எடை இல்லாதபோது மூன்று ஆப்பும் ஒழுங்காகத்தான் நின்றன; எடை இறங்கியதும் இறுக வேண்டியவை பிரிந்து கொடுத்தன. அறுவை செய்து ஸ்க்ரூ போட்டு எலும்புகளைப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். அப்புறம் பல மாதம் பயிற்சி. இப்போது செருப்புக்குள் வளைவைத் தாங்கும் ஒரு திண்டு வைத்துக்கொண்டு நன்றாக நடக்கிறார்.

பாதம் முறுக்கியோ மாட்டியோ விழுந்து, நடுப்பாதத்தில் வலி இருந்து, உள்ளங்காலில் நீலம் தெரிந்தால் அதைச் சாதாரணச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி, காலை ஊன்ற முடிகிற நிலை வந்ததும் இரண்டு காலுக்கும் நின்றபடி ஒரு எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். படுத்து எடுத்த படத்தில் இந்தக் காயம் தப்பிவிடுவது உண்டு. நாள் தள்ளிப்போகப் போக எலும்புகளைப் பழைய இடத்தில் உட்கார வைப்பதும் கடினமாகிறது.